மிளகாய் சுற்றி வந்த கப்பல்

எங்கள் ஊரில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. முள்ளிவாய்க்காலில் குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாத காலம் அது. பற்றரி கொண்டுவந்தால் வவுனியாச் சோதனைச் சாவடியில் பறிப்பார்கள். சவர்க்காரத்தை நூலால் அறுத்துப் பங்குபோட்டோம். அப்படிப்பட்ட ஊரில்தான் இரண்டாயிரத்தோராம் ஆண்டு ஆனி மாதம் இருபத்தொன்பதாம் திகதி, இராயப்பர் திருநாளன்று, காலை ஒன்பதரைக்கு ஒரு விமானந்தாங்கியைக் கடலில் இறக்கினார்கள். பத்து மணிக்கு அது கடலடியில் கிடந்தது.

என் பெயர் புனிதம். என் மனுசன் வின்சன் ஓடாவி. ஓடாவி என்றால் வள்ளம் கட்டுகிற தச்சன். மாத்தளன் தொடங்கி அளம்பில் வரை இவர் கை படாத வள்ளம் குறைவு. ஆனால் எங்களுக்கென்று இருந்த வள்ளம் முந்தின வருசம் நேவிக்காரன் சுட்டதில் இரண்டாய்ப் போய்விட்டது. அதன் பிறகு இவர் அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போனார். பெருமீன் பட்டால் வள்ளக்காரனுக்கு, சூடையும் காரலும் எங்களுக்கு. ஒரு சின்ன வள்ளம், பதினெட்டடி, அது கிடைத்தால் என் மனுசன் மறுபடி மனுசனாவார். எனக்கு அந்த வருசம் இருந்த ஒரே ஆசை அதுதான். மாதாவிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

ஆசை கைகூடுகிற மாதிரித்தான் இருந்தது. ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் பத்து வள்ளம் கட்டப் பலகையும் ஆணியும் பிசினும் தந்தது. கொழும்பில் அனுமதி, வவுனியாவில் அனுமதி, இங்கே அனுமதி என்று பதினொரு மாதம் அலைந்து வந்த சாமான்கள். சங்கக் கட்டிடச் சுவரில் பத்துப் பெயர் ஒட்டினார்கள். பத்தையும் கட்டப் போவது இவர் என்பதால் முதலாம் இலக்கம் வின்சன். இரண்டாவது மீனம்மா, கடலுக்குப் போன புருசன் திரும்பி வராமல் நாலு பிள்ளைகளோடு நின்ற பெண். அந்தப் பட்டியலை நான் கோயிலுக்குப் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

இந்த நேரத்தில்தான் சங்கத் தலைவர் பஸ்தியாம்பிள்ளை வீட்டுக்குக் கடையில் செத்தல் மிளகாய் வாங்கினார்கள்.

மிளகாய்க்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். புத்தகம், பேப்பர் ஒன்றும் ஒழுங்காக வராத காலத்தில் எங்களுக்கு வாசிகசாலை ஐயாத்துரையின் கடைதான். முரசுமோட்டையில் வயல் செய்த மனுசன், இடம்பெயர்ந்து வந்து எங்கள் சந்தியில் கடை போட்டிருந்தார். நெடுங்கேணிச் சந்தையிலிருந்து பழைய சஞ்சிகைக் கட்டுகளைச் சைக்கிளில் கொண்டுவந்து, கிழித்து, சாமான் சுற்றுவார். நாங்கள் சுருளைப் பிரித்ததும் சாமானைக் கொட்டிவிட்டு முதலில் தாளை வாசிப்போம். தொடர்கதையின் ஆறாம் அத்தியாயம் என் வீட்டு மல்லியில் வரும், ஏழாம் அத்தியாயம் மீனம்மா வீட்டு வெந்தயத்தில் வரும். மாறி மாறிக் கொடுத்து வாசிப்போம். ஒரு கதையில் கலியாணம் நடந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தாளில் யார் வீட்டிலோ கருவாடு போயிருக்கிறது.

பஸ்தியாம்பிள்ளைக்கு வந்த தாளில் ஒரு கப்பல் வந்தது.

இந்தத் தலைவரைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒருகாலத்தில் நாற்பது பேர் இழுக்கிற கரைவலைக்குச் சொந்தக்காரர், சம்மாட்டியார். நாற்பது பேரும் வெயிலில் இழுக்க இவர் குடை பிடித்துக்கொண்டு நின்று, "ம், இழுங்கோ" என்பார். வலை போனது, குடை மிஞ்சியது. ஏழு வருசமாய்ச் சங்கத் தலைவர். தேர்தல் எப்போது என்று கேட்டால் நிலைமை சரியில்லை என்பார். நிலைமை எந்தக் காலத்தில் சரியாக இருந்தது?

அன்று கூட்டம் போட்டு, மிளகாய் விதை ஒட்டிய தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். யப்பான்காரன் சண்டைக் காலத்தில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பலாம், பெயர் சினானோ. எழுபதினாயிரம் தொன்னாம். அதுவரை உலகத்தில் அவ்வளவு பெரிய விமானந்தாங்கி கட்டப்படவில்லையாம். முதலில் போர்க்கப்பலாகத் தொடங்கி, பாதியில் யோசனை மாறி, மேலே தட்டையாகத் தளம் போட்டு விமானந்தாங்கி ஆக்கினார்களாம். வானளவு வேலி கட்டி மறைத்து வைத்து வேலை. வெளியில் வாய் திறந்த வேலையாளுக்குத் தலை தப்பாது. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து நாலு கார்த்திகையில், மாலுமிகள் வரிசையாய் நிற்க, சினானோ துறைமுகத்தை விட்டுக் கம்பீரமாகப் புறப்பட்டது.

அந்த இடத்தில் ஐயாத்துரை தாளைக் கிழித்திருந்தார். மிச்சம் இல்லை. பஸ்தியாம்பிள்ளைக்கு மிச்சம் தேவைப்படவுமில்லை.

"பத்துச் சின்ன வள்ளம் கட்டி என்னத்தைக் காணப்போறம்?" என்றார். "பத்துப் பேர் பத்துத் திசையிலை போவினம். நேவி ஒவ்வொண்டாய்ப் பிடிப்பான். ஒண்டு கட்டுவம். பெரிசாய், அறுபதடியிலை கட்டுவம். மேலை தட்டையாய்த் தளம் போடுவம். யப்பான்காரன் பிளேன் ஏத்தினவன், நாங்கள் கட்டுமரம் ஏத்துவம். நடுக்கடலிலை கொண்டுபோய் ஆறு கட்டுமரத்தை இறக்கிவிட்டால், ஆறு பக்கத்து மீனும் எங்களுக்குத்தான்."

கூட்டத்தில் கை தட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, கேட்க நன்றாகத்தான் இருந்தது.

என் மனுசன் எழும்பினார். "சம்மாட்டியார், பலகை பதினெட்டடி வள்ளத்துக்கு எண்டு அளந்து வந்தது. மெல்லிசு. அறுபதடிக்குத் தாங்காது. போதாததுக்குப் பச்சை மரமும் கலந்து கிடக்கு."

"யப்பான்காரன் போர்க்கப்பலுக்கு வாங்கின இரும்பிலைதானே விமானந்தாங்கி கட்டினவன்? இரும்பையே மாத்தலாம் எண்டால் பலகையை மாத்தேலாதே?"

"அப்ப எங்கடை பத்து வள்ளம்?"

"ஆர் இல்லை எண்டது? இது பிடிக்கிற மீனிலை வாற வருசம் பத்தென்ன, இருபது கட்டலாம். உன்ரை பேர் முதலாம் நம்பரிலைதான் நிக்கும். சுவரிலை ஒட்டின பேர் ஓடியே போகும்?"

அப்படித் தொடங்கியது. கடற்கரையில் பன்னிரண்டடி உயரத்துக்குக் கிடுகு வேலி எழும்பியது. வேலை செய்த எட்டுப் பேரும் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் கை நீட்டி, உள்ளே நடப்பதை வெளியே சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். இரகசியம் காக்கவேண்டுமாம். அறுபதடி வள்ளத்தின் முன்முனையான அணியம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. தண்ணீருக்குப் போகிற பெண்கள், மாடு மேய்க்கிறவர்கள், தூரக் கடலில் வருகிற நேவி, எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். சத்தியத்துக்குப் பயந்து என் மனுசன் மட்டும் என்னிடம் வாய் திறக்கவில்லை. "இண்டைக்கு என்ன வேலை?" என்றால், "வேலைதான்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்தது பெயர்ப் பிரச்சினை. எங்கள் கப்பலுக்கும் சினானோ என்றே பெயராம். எங்கள் கரையில் அர்ச்சியசிஷ்டவர் என்கிற புனிதர் ஒருவரின் பெயர் இல்லாமல் ஒரு கட்டுமரம்கூடத் தண்ணீரில் இறங்காது. பாதர் கூப்பிட்டுக் கேட்டார்: "சினானோ எண்டு ஆரப்பா அர்ச்சியசிஷ்டவர்?"

பஸ்தியாம்பிள்ளை அசரவில்லை. "யப்பானிலை வேதசாட்சிகள் கனபேர் பாதர். அதிலை ஒருத்தராய் இருப்பார்."

பக்கத்தில் நின்றவர்கள் காதில் இது விழுந்தது. போதாதா? அடுத்த செவ்வாய்க்கிழமை மீனம்மா சினானியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். காணாமல் போன அவளுடைய சினைப்பட்ட ஆடு திரும்பி வந்தது. பிறகு கேட்க வேண்டுமா? காய்ச்சலுக்குச் சினானியார், வெளியே போகப் பாஸ் கிடைக்கச் சினானியார், பிள்ளைகளின் சோதனைக்குச் சினானியார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாதர் முகம் சிவக்கக் கத்தினார்: "சினானியார் எண்டு ஒரு அர்ச்சியசிஷ்டவர் இல்லை! அது கப்பல்!" சனம் தலை குனிந்து கேட்டது. வெளியே வந்ததும், பாதர் பாவம், யப்பான் பக்கம் போனதில்லைத்தானே என்றார்கள். கடைசியில் சமாதானமாகி, அணியத்தில் இராயப்பர் என்று சின்னதாகவும் சினானோ என்று பெரிதாகவும் எழுதினார்கள்.

வெள்ளோட்டம் ஆவணிப் பதினைந்து, மாதா பரலோகத்துக்கு எழுந்தருளிய திருநாள் என்றுதான் முதலில் முடிவு. வைகாசியில் சேதி வந்தது: சாமான் தந்த நிறுவனத்தின் அதிகாரி ராஜரத்தினம் ஆனி இருபத்தொன்பதில் வருகிறாராம். உடனே வேலையை ஏழு கிழமை முன்னுக்கு இழுத்தார்கள். ஆணி தீர்ந்தது, சைக்கிள் கம்பியை வெட்டி அடித்தார்கள். பலகை இடுக்கு அடைக்கிற பஞ்சு தீர்ந்தது, தலையணையைப் பிரித்தார்கள். என் வீட்டுத் தலையணை இரண்டும் அந்தக் கப்பலுக்குள்தான் போனது.

திருநாளுக்கு இரண்டு நாள் முந்தித்தான் நான் ஐயாத்துரை கடையில் கால் கிலோ மிளகாய் வாங்கினேன். குசினியில் சுருளைப் பிரித்தால், அதே எழுத்து, அதே படத்தின் வால்பக்கம். சினானோவின் மிச்சக் கதை.

நின்ற நிலையில் வாசித்தேன். துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டுப் பதினேழு மணித்தியாலத்தில் மூழ்கிவிட்டதாம். அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று நாலு குண்டு விட்டது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அது தாங்கக்கூடிய அடிதானாம். ஆனால் மாசியில் முடிக்க வேண்டிய வேலையை ஐப்பசியில் முடி என்று மேலிடம் சொன்னதில், அறைகளுக்குள் தண்ணீர் புகுமா என்று சோதிக்காமலே விட்டுவிட்டார்கள். சில கதவுகள் பூட்டவில்லை. குழாய் போக விட்ட ஓட்டைகள் அடைக்கவில்லை. தண்ணீர் இறைக்கும் பம்புகள் முழுக்க வந்துசேரவில்லை. கடற்படையில் சேர்ந்து பத்தே நாள். ஆயிரத்து நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். கப்பல் எங்கே கிடக்கிறது என்று இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன். எரிவிலும் அழுதேன், அந்தச் சனத்தை நினைத்தும் அழுதேன். யாரோ ஒரு யப்பான்காரி அன்றைக்கு உலை வைத்திருப்பாள்தானே. பிறகு எனக்கு இன்னொன்று உறைத்தது. எங்கள் கரையில் வள்ளம் கட்டிய ஓடாவி வெள்ளோட்டத்தில் ஏறியே ஆகவேண்டும். அது முறை. தான் கட்டியதில் தான் ஏறாத ஓடாவியிடம் ஒருவரும் பிறகு வேலை கொடுக்க மாட்டார்கள். என் மனுசனும் ஏறப்போகிறார்.

தாளோடு சங்கத்துக்கு ஓடினேன். கமிற்றி கூடியிருந்தது. இவரும் அங்கே ஒரு கரையில் நின்றார். நான் தாளை மேசையில் வைத்தேன். பஸ்தியாம்பிள்ளை வாசித்தார். இரண்டாம் தரம் வாசித்தார். நாலாய் மடித்தார்.

"இது எதிரியின்ரை பேப்பர்," என்றார்.

"நீங்கள் வாசிச்ச அதே பேப்பர்தான் சம்மாட்டியார். கிழிச்சது ஐயாத்துரை."

"பிள்ளை, அதுக்குக் குண்டு விட்டது அமெரிக்காக்காரன். எங்கடை கடலிலை அமெரிக்காக்காரன் எங்கை நிக்கிறான்?"

"குண்டு கிடக்கட்டும். தண்ணி ஊத்திப் பாத்தியளோ?"

தண்ணி ஊத்திப் பார்க்கிறதென்றால் இதுதான். புது வள்ளத்தைக் கரையில் வைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, ஒரு பகல் விடுவார்கள். பலகை இடுக்கால் எங்கெங்கே தண்ணீர் வெளியே கசிகிறதோ, அங்கங்கே கரியால் கோடு போட்டு, காயவிட்டு அடைப்பார்கள். இரண்டு தரம், மூன்று தரம். ஒரு சொட்டும் கசியாத வள்ளம்தான் கடலுக்குப் போகும். என் மனுசன் இருபது வருசத்தில் ஒரு சின்ன வள்ளத்தைக்கூட இந்தச் சோதனை இல்லாமல் விட்டதில்லை.

இவர் மெதுவாகச் சொன்னார்: "நாலு நாள் தாங்கோ. ஊத்திப் பாத்து அடைச்சுப்போட்டு விடுவம்."

"நாலு நாளோ? நாளையிண்டைக்கு ராஜரத்தினம் ஐயா வந்திடுவார். பள்ளிக்கூடப் பிள்ளையள் அம்பது அழைப்பிதழ் கையாலை எழுதியாச்சு. அறுபதடிக்குத் தண்ணி நிரப்ப இந்த ஊர்க் கிணறு காணாது." பஸ்தியாம்பிள்ளை ஒரு கடதாசியை முன்னால் தள்ளினார். "நிறுவனத்துக்கு ஓடாவியின்ரை கடிதம் வேணுமாம். நான் எழுதிப்போட்டன். நீ கையெழுத்தை வை."

'மேற்படி கலம் முறைப்படி பரீட்சிக்கப்பட்டது. நீர் புகாது என உறுதியளிக்கிறேன்.'

"பரீட்சிக்கேல்லையே," என்றார் இவர்.

"வைக்காட்டி விடு. நான் வேறை ஓடாவியைப் பாக்கிறன். பேந்து அந்தப் பட்டியலும் வேறை பட்டியல்தான்."

இவர் பேனையை எடுத்தார். எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இந்த இடத்தில் நான் ஒரு பொய் சொல்லிவிட்டுப் போகலாம். தாளோடு ஓடி வந்தவள் நான். நியாயம் பேசினவள் நான். ஆனால் சுவரில் முதலாம் இலக்கம் என் கண்ணுக்கு நேரே ஒட்டியிருந்தது. பதினெட்டடி வள்ளம். கூலிக்குப் போகாத மனுசன். சினானோ தாழ்ந்தாலும் இவருக்கு நீந்தத் தெரியும்தானே என்று அந்த நேரம் என் மனம் கணக்குப் போட்டது. "போடுங்கோ," என்றேன். நான்தான் சொன்னேன். இவர் போட்டார்.

கூட்டம் முடியுமுன் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது: சங்கத்தின் அனுமதியில்லாமல் சாமான் சுற்றிய பேப்பரை ஒருவரும் வாசிக்கக்கூடாது.

இருபத்தொன்பதாம் திகதி திருநாள் பூசை முடிந்து ஊர் முழுக்கக் கரையில் நின்றது. ராஜரத்தினம் ஐயாவுக்குக் கதிரை, அதற்கு மேல் பந்தல், கையில் செவ்விளநீர். நல்ல மனுசன்தான்; எதைச் சொன்னாலும் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவார். பாதர் தீர்த்தம் தெளித்தார். எண்பது பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். சினானோ அசைந்து, முனகி, வேலியின் ஒரு பக்கத்தையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. மேல் தளத்தில் ஆறு கட்டுமரம், கோயில் மேளக்காரர் நாலு பேர், தலைவரோடு சேர்த்துக் கமிற்றி ஏழு பேர், நடுவிலே வெள்ளை வேட்டி கட்டிக் குடை பிடித்துக்கொண்டு பஸ்தியாம்பிள்ளை. என் மனுசனைக் காணவில்லை. அவர் கீழே, உள்வயிற்றில், ஒரு வாளியோடு இருந்தார்.

கரைக்காற்றுத் தள்ள, இருநூறு யார் தூரம் போகும்வரை மேளம் நன்றாகக் கேட்டது. பிறகு கப்பல் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. மேளக்காரர் சாய்ந்தபடியே அடித்தார்கள். கரையில் நின்றவர்கள் அது கரைக்கு வணக்கம் வைக்கிறது என்று நினைத்துக் கை தட்டினார்கள். ராஜரத்தினம் ஐயாவும் எழும்பி நின்று கை தட்டினார். பஸ்தியாம்பிள்ளை அங்கிருந்து கையை ஆட்டினார். அவர் ஆட்டியது உதவி கேட்டு என்று எங்களுக்கு விளங்கவில்லை.

பிறகு தளம் தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. ஆறு கட்டுமரமும் ஒன்றன்பின் ஒன்றாய், யாரும் தொடாமலே, மிதந்து இறங்கின. அதுதான் அந்தக் கப்பல் செய்த ஒரே தொழில், அதையும் திறமாய்ச் செய்தது. முதலாவது கட்டுமரத்தில் ஏறியவர் தலைவர். கமிற்றி ஏறியது, மேளம் ஏறியது. மூன்று பாகம் ஆழம், ஆள் உயரத்துக்கு மூன்று ஆள். சினானோ ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே போனது.

நான் கட்டுமரங்களை எண்ணினேன். தலைகளை எண்ணினேன். பதினொரு தலை. திரும்ப எண்ணினேன். வின்சன் இல்லை. "என்ரை மனுசன் எங்கை!" என்று கத்திக்கொண்டு கழுத்தளவு தண்ணீருக்குள் போய்விட்டேன். மீனம்மா பின்னால் வந்து சேலையில் பிடித்தாள். எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: போடுங்கோ, போடுங்கோ, போடுங்கோ. பாவி, நீதானே சொன்னாய்.

கன நேரத்துக்குப் பிறகு ஒரு தலை மேலே வந்தது. கையில் வாளியை விடவில்லை. கடைசிவரை இறைத்திருக்கிறார், விசர் மனுசன். கரையில் விழுந்து வாந்தி எடுத்தார். என்னைப் பார்த்து, "உன்ரை தலையணைப் பஞ்செல்லாம் வெளியிலை வந்திட்டுது," என்றார்.

விசாரணைக் கமிற்றி வைத்தார்கள். தலைவர் பஸ்தியாம்பிள்ளைதான் விசாரணைக்கும் தலைவர். காரணங்கள் மூன்று கண்டுபிடித்தார்கள். ஒன்று, திருநாளுக்கு இரண்டு நாள் முந்திப் புனிதம் அபசகுனமான பேப்பரைக் கொண்டுவந்தது. இரண்டு, இராயப்பர் பெயரைச் சின்னதாக எழுதியது. மூன்று, நீர் புகாது என்று பொய்க் கையெழுத்து வைத்த ஓடாவி. கடிதத்தை நோட்டீசுப் பலகையில் குத்தினார்கள். பட்டியலில் முதலாம் இலக்கத்தை வெட்டினார்கள். இல்லாத பத்து வள்ளத்தில் எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று ஆகியது.

வள்ளம் போனது பெரிதில்லை. பேர் போனது. பலகை ஒன்று மாற்ற, இடுக்கு ஒன்று அடைக்க என்று வீடு தேடி வருகிற சனம் நின்றுவிட்டது. அளம்பிலில் இவர் கட்டிய பழைய வள்ளமொன்றைத் தண்ணி ஊத்திப் பார்க்கத் திரும்பக் கரையேற்றினார்களாம். பத்து வருசமாய் ஓடிய வள்ளம். ஒரு சொட்டும் கசியவில்லையாம், ஆனாலும் விற்றுவிட்டார்களாம். இதைக் கேட்ட அன்று இவர் உளிகளைத் துணியில் சுற்றிக் கூரையில் செருகினார். நான் அடுப்படியில் இருந்து பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "உப்பு இருக்கோ எண்டு பாருங்கோ," என்று கூப்பிட்டேன்.

புரட்டாசியில் ராஜரத்தினம் ஐயா திரும்ப வந்தார். அவர் முகமும் சரியில்லை. பத்து வள்ளத்துச் சாமான் என்ன ஆனதென்று அவருக்கு மேலே உள்ளவர்கள் கேட்கிறார்களாம். "எனக்கும் மேலை ஆக்கள் இருக்கினம்," என்று நெற்றியைத் துடைத்தார்.

பஸ்தியாம்பிள்ளை அவரைக் கரைக்குக் கூட்டிப்போனார். சினானோ கிடந்த இடத்தில் மீனம்மாவின் பிள்ளைகள் கட்டுமரத்தில் இருந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவாய், பாரை, விளைமீன். தாழ்ந்த கப்பலுக்குள் மீன் குடிவந்திருந்தது. இது சங்கம் போட்ட திட்டமில்லை; மீனுக்கு வேறு போக்கிடம் இல்லை, வந்தது.

"பாத்தியளே ஐயா," என்றார் பஸ்தியாம்பிள்ளை. "யப்பான்காரன்ரை எங்கை கிடக்கெண்டே தெரியாது. எங்கடையைக் கரையிலை நிண்டு காட்டலாம்."

ராஜரத்தினம் ஐயா கொஞ்ச நேரம் பார்த்தார். குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் கண்டேன். அன்று பின்னேரமே சங்கக் கட்டிடத்தில் படிவம் தயார்: 'கடலடி மீன் வாழிடத் திட்டம்.' திட்டம் வெற்றி என்று முடித்துக் கொடுத்தால் பைலை மூடலாம். மூடினால் இரண்டாம் கட்டத்துக்குப் பணம் வரும், பத்து வள்ளம் வரும், இந்த முறை கட்டி முடித்த வள்ளமாகவே வரும். பட்டியலில் வின்சனின் பெயரைத் திரும்ப முதலாவதாய் எழுதினார்கள். நோட்டீசுப் பலகையில் இருந்த கடிதத்தை யாரோ கழற்றியிருந்தார்கள். ஒன்றே ஒன்றுதான் குறை, கட்டியவரின் கையெழுத்து.

படிவத்தில் இருந்தது இதுதான்: 'இக்கட்டமைப்பு, திட்டத்தின்படி, கடலில் அமிழும்படியாகவே என்னால் கட்டப்பட்டது.'

மண்டபம் நிறையச் சனம். பட்டியலில் இருந்த பத்து வீடும் வந்திருந்தது. மீனம்மா கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவர் வாயைப் பார்த்தபடி நின்றாள். இவர் கையெழுத்தை வைக்காவிட்டால் பத்து வீட்டுக்கும் இல்லை. வைத்தால், இருபது வருசம் வள்ளம் கட்டிய ஓடாவி, தாழ்வதற்கென்றே வள்ளம் கட்டினேன் என்று எழுதிக் கொடுத்ததாய் ஆகும்.

இவர் படிவத்தைக் கையில் எடுத்து, ஒவ்வொரு எழுத்தாய் வாசித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆர் என்ன கேட்டாலும் இனி இந்த வாய் திறக்காது என்று வைராக்கியம். இவர் என்னைப் பார்க்கவுமில்லை.

"ஐயா, இதிலை எழுதியிருக்கிறது உண்மைதான்," என்றார்.

பஸ்தியாம்பிள்ளை சிரித்தார். "அதுதானே நாங்களும் சொல்லுறம்."

"இல்லை, சொல்ல விடுங்கோ." இவர் குரல் உயரவில்லை. "பலகை காணாதெண்டு எனக்குத் தெரியும். மரம் பச்சை எண்டு தெரியும். தண்ணி ஊத்திப் பாக்கேல்லை எண்டும் தெரியும். தெரிஞ்சுகொண்டு பதினொரு பேரை மேலை ஏத்திக் கடலுக்கை விட்டனான். தாழத்தான் கட்டினனான். அந்தப் பொடியள் மேளத்தோடை ஏறேக்கையும் நான் வாய் திறக்கேல்லை. முதல் கடிதத்திலைதான் பொய்க்குக் கையெழுத்து வைச்சனான். இது சரியான கடிதம்." குனிந்து, ஆறுதலாய், முழுப்பெயரையும் எழுதினார்.

பிறகு பஸ்தியாம்பிள்ளை கையைத் தட்டினார். "என்ன அடக்கமான மனுசன் பாருங்கோ! எல்லாம் தெரிஞ்சுதான் செய்தவர்!" உடனே மண்டபம் முழுக்கத் தட்டியது. ராஜரத்தினம் ஐயாவும் எழும்பி நின்று தட்டினார். பத்து வீட்டுச் சனமும் சிரித்தது. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கு வள்ளம் வேண்டும். ஒரு மனுசன் நாலு பேருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்கிறான், கேட்கிற சனம் பரிசு கொடுப்பது மாதிரிக் கை தட்டுகிறது. இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினேன்.

ராஜரத்தினம் ஐயா என்னைப் பார்த்தார். நல்ல மனுசன் என்று சொன்னேன்தானே. குறிப்புப் புத்தகத்தைத் திரும்பத் திறந்து, எழுதிக்கொண்டே சத்தமாய்ச் சொன்னார்: "பயனாளிகள் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர்."